பத்தில் ஒன்று, பத்தில் ஆறு

“நனையாம திரும்பி வந்த ஸ்கேட்டை, நான் இந்த வேலைக்கு வந்ததுல இருந்து பார்த்ததே இல்ல” என்றாள் ரொக்ஸி.

பிட்மன் நகரத்துப் பனிச்சறுக்கு அரங்கத்தில், அடியில் பிளேடு வைத்த ஸ்கேட் பூட்ஸ்களை வாடகைக்குக் கொடுக்கும் கவுன்ட்டர் அது. ரொக்ஸிக்குப் பின்னால் அளவுவாரியாக அடுக்கியிருந்த ஸ்கேட்டுகளிலிருந்து ஈரத்தோல் வாடை வீசியது. ஹேரியட் பெல்டியர் கோட்டைக்கூடக் கழற்றாமல் கவுன்ட்டரில் சாய்ந்து நின்றாள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலப் போலீஸில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்தவள். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா காத்திருப்பதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது.

பக்கத்தில் அவளுடைய உதவியாளன் டூகன். சும்மா இருப்பது அவனுக்கு ஆகாத காரியம்.

“வாடகை கட்டிட்டு ஐஸ்ல இறங்காமலே போயிட்டாங்களா? நான் ஜிம்முல சேர்ந்த கதை மாதிரி இருக்கே” என்றான்.

ரொக்ஸி சிரித்தாள். ஹேரியட் சிரிக்கவில்லை.

அவர்கள் தேடி வந்தது ஒரு குரலை. பக்கத்து ஊரான ஹார்லோ ஃபால்ஸில் மேரன் ஹால்கிரன் என்று பதினேழு வயதுப் பெண். நாட்டிலேயே நுழைவது கடினம் என்று பேர் வாங்கிய ஒரு பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டிய சேர்க்கையில் விண்ணப்பித்திருந்தாள். மற்றவர்களுக்கு வசந்தத்தில் வரும் முடிவு இவளுக்கு டிசம்பரிலேயே வந்துவிடும். விண்ணப்பத்துக்கு உயிர் கொடுத்தது அவள் எழுதிய கட்டுரை. இரண்டு குளிர்காலத்துக்கு முன் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குளத்தில் பனி உடைந்து தம்பி வெஸ்லி உள்ளே போனதும், இவள் வயிற்றால் ஊர்ந்து போய் அவனை இழுத்துப் போட்டதும்தான் விஷயம்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு போன் செய்தாள். பேர் சொல்லவில்லை. “அந்தப் பொண்ணுதான் தம்பியை ஐஸ் மேல அனுப்பினா. தாங்கும், போடான்னு சொன்னா” என்றாள், வைத்துவிட்டாள். அலுவலகம் பள்ளி ஆலோசகரை விசாரித்தது. ஆலோசகர் மேரனின் அப்பா வாரன் ஹால்கிரனை அழைத்தார். வாரன் நேரே ஹேரியட்டிடம் வந்தார். அலுவலகத்து போனில் விழுந்திருந்த எண், இதோ இந்தக் கவுன்ட்டர் மேலிருக்கும் பழைய போனுடையது.

“செவ்வாய்க்கிழமை இந்த போன்ல பேசின ஆளைப் பார்த்தீங்களா?” என்று கேட்டாள் ஹேரியட்.

“எங்கே பார்த்தேன்? அந்தப் பக்கம் திரும்பி பிளேடு தீட்டிட்டு இருந்தேன், பொறி படாம இருக்கக் கண்ணாடி வேற மாட்டியிருந்தேன். ‘லேடீஸ் ஏழு குடுங்க’ன்னு குரல் வந்தது, எடுத்து வச்சேன். ஒரு தொப்பி, ஒரு மப்ளர், அவ்வளவுதான் தெரிஞ்சது. வேலை முடிஞ்சு திரும்பினா ஸ்கேட்டு இங்க இருக்கு. லேஸைச் சுத்தி முடிச்சுப் போட்டு அழகா வச்சிருந்தாங்க. துடைக்கலாம்னு தொட்டுப் பார்த்தா ஒரு சொட்டு ஈரம் இல்ல.”

“போன்ல என்ன பேசினாங்கன்னு காதுல விழுந்ததா?”

“அந்த மெஷின் ஓடும்போது என் மனசாட்சி கத்தினாலும் எனக்குக் கேக்காது மேடம்.”

“கொடுத்து வச்சவங்க நீங்க” என்றான் டூகன்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே சுருக்கென்றது.

ஹேரியட்டிடம் சேர்வதற்கு முன்னால் அவன் அதே பல்கலைக்கழகத்தில் விண்ணப்பங்களைப் படிக்கும் வேலையில் இருந்தவன். அந்த அனுபவத்தை வைத்து, ஓய்வு நேரத்தில் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பைக் கணித்துச் சொல்வான். மேரனுக்குக் கணித்ததும் அவன்தான். மதிப்பெண், வயலின், கணக்குப் போட்டி எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டுச் செப்டம்பரில் “பத்துல ஒண்ணு” என்றான். குளத்துக் கதையைக் கேட்டதும் “இதை எழுதினா பத்துல ஆறு!” என்று மேசையைத் தட்டினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அக்டோபரில் ஒரு மத்தியானம், இதே அரங்கத்தில் காபி குடித்துக்கொண்டே, ஹாக்கி கோச் டேல் ஹப்பர்ட்டிடம் அந்தக் கதையைத் தன் சாமர்த்தியம் போல அளந்துவிட்டான். ஹப்பர்ட்டின் மகனும் அதே இடத்துக்குத்தான் முயல்கிறான் என்று அப்புறம் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை போன் வந்த செய்தியைக் கேட்டதிலிருந்து டூகனுக்குச் சோறு இறங்கவில்லை. ஹேரியட்டிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பான். ஜோக்தான் வெளியே வரும்.

ஹேரியட் போனுக்கு மேல் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘வாடிக்கையாளர்களுக்கு மட்டும்.’

“இதை யாராவது மதிக்கிறாங்களா?”

“இதையா? நான் ஒட்டின நாள்ல இருந்து ஒருத்தர் படிச்சு நான் பார்த்ததில்ல” என்றாள் ரொக்ஸி.

அப்போது பனித்தளத்தின் கதவு திறந்து, ஸ்கேட்டோடு தொம் தொம்மென்று ரப்பர் விரிப்பில் நடந்து வந்தார் கோச் ஹப்பர்ட்.

“பாஸ், நான் போய் கார்ல ஹீட்டர் போட்டு வைக்கட்டுமா?” என்று நழுவப் பார்த்தான் டூகன்.

“நில்லு.”

“அட, டூகன்!” ஹப்பர்ட்டின் கை அவன் முதுகில் விழுந்தது. “அந்தக் குளத்துப் பொண்ணு விஷயம் என்னப்பா ஆச்சு? எடுத்துட்டாங்களா?”

டூகன் தரையைப் பார்த்தான். தரையில் ஒன்றும் இல்லை.

“எந்தக் குளத்துப் பொண்ணு, கோச்?” என்றாள் ஹேரியட் சாவதானமாக.

“இவன்தானே சொன்னான், ஐஸ்ல விழுந்த தம்பியை இழுத்துப் போட்ட பொண்ணு. கேட்டுட்டு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.”

“உங்க பையனும் அங்கதான் அப்ளை பண்ணியிருக்கான்னு கேள்விப்பட்டேன்.”

“பண்றதாத்தான் இருந்தான். ஒன்டாரியோவுல ஒரு ஹாக்கி டீம்ல கூப்பிட்டாங்க. படிப்பை ஒரு வருஷம் தள்ளிப் போட்டுட்டுக் கிளம்பிட்டான். போன வாரம் பூரா நானும் என் பெண்டாட்டியும் அவனைக் கொண்டு விடக் கனடா போயிருந்தோம். அவ இன்னும் என்கூடப் பேசல. அந்த அப்ளிகேஷனை நான் கிழிச்சுப் போட்ட மாதிரி பார்க்கிறா.”

ஹேரியட் அவருக்கு நன்றி சொன்னாள். டூகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

காரில் ஏறியும் அவள் சாவியைத் திருப்பவில்லை. கண்ணாடியில் மூச்சு படிந்து வெளியே எதுவும் தெரியாமல் போயிற்று.

“பாஸ்…”

“ஜோக்கா?”

“இல்ல.”

“அப்போ சொல்லு.”

சொன்னான். காபியிலிருந்து கோச்சின் கண்ணீர் வரை எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில், “உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டான்.

“விஷயம் தெரியாது. ஏதோ இருக்குன்னு தெரியும். காலையில இருந்து வாய் ஓயாம ஜோக் அடிச்சுட்டு வர்றே. ஒண்ணுகூட நல்லா இல்ல. மனசு சரியில்லாத அன்னிக்குத்தான் நீ அவ்வளவு மோசமா ஜோக் அடிப்பே.”

“என்னை வேலையை விட்டுத் தூக்கிடுங்க பாஸ்.”

“அந்தப் பேச்சு அப்புறம். ஹப்பர்ட்கிட்ட என்ன சொன்னே? அப்படியே சொல்லு.”

“ஐஸ் உடைஞ்சது, ஊர்ந்து போனா, இழுத்துப் போட்டா. அவ்வளவுதான்.”

“‘தாங்கும், போடா’ன்னு அவ சொன்னதை?”

“சேச்சே, அது…” டூகன் பாதியில் நிறுத்தினான். அந்த வார்த்தையை எங்கேயோ, யாரோ நேரில் சொல்லிக் கேட்டது போல் இருந்தது. பிடிபடவில்லை. “அது போன் பண்ணவ இட்டுக்கட்டினதுதானே?”

“இட்டுக்கட்டறவ பெரிசா எதையாவது கட்டுவா. ‘தம்பி விழவே இல்ல’ம்பா, ‘இழுத்தது வேற ஆளு’ம்பா. இது அப்படி இல்ல. கரையில நின்னு கேட்ட வார்த்தை மாதிரி இருக்கு. அன்னிக்குக் கரையில இருந்தது அக்காவும் தம்பியும்தான். மூணாவது காது கிடையாது.”

“அப்போ வெஸ்லியா? பத்து வயசுப் பையன் பொம்பளைக் குரல்ல பேசினானா?”

“லேடீஸ் ஏழு நம்பர் ஸ்கேட்டையும் கேட்டு வாங்கினானா?” ஹேரியட் காரைக் கிளப்பினாள். “யோசிச்சுப் பாரு. மொட்டை போன் பண்ண வர்றா ஒருத்தி. ‘வாடிக்கையாளர்களுக்கு மட்டும்’னு ஒரு அட்டை. ஊர்ல ஒருத்தரும் மதிக்காத அட்டை. இவ மதிக்கிறா. ரெண்டு நிமிஷம் போன் பேசறதுக்காகக் காசு கட்டி வாடிக்கையாளர் ஆகுறா. அடுத்தவ வாழ்க்கையைக் கெடுக்க வந்தவளுக்கு இவ்வளவு நேர்மை எதுக்குய்யா? அப்புறம், எடுத்த ஸ்கேட்டோட ஐஸ்ல காலே வைக்கல. ஏன் வைக்கல?”

டூகனுக்குப் பதில் தெரியத் தொடங்கியிருந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஹால்கிரன் வீட்டுக்குப் பின்னால், இலையுதிர்ந்த பிர்ச் மரங்களுக்கு நடுவே குளம் கிடந்தது. அந்த வருஷத்து முதல் பனி, அடியிலிருந்த தண்ணீர் தெரியுமளவு மெலிதாக, கறுப்புக் கண்ணாடி போல் மூடியிருந்தது. பள்ளியிலிருந்து வந்த கையோடு மேரன் அவர்களை அங்கே அழைத்துப் போனாள். உயரமான, அமைதியான பெண். கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னாள். விழுந்த இடம் எது என்று கேட்டபோது மட்டும் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹேரியட் கரையோரம் போய் நின்றாள். ஒரு காலைத் தூக்கிப் பனிக்கு மேலே நிறுத்தினாள்.

“மேரன், இது தாங்குமாம்மா?”

ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்டாள். மேரன் ஓரடி பின்வாங்கினாள்.

“தெரியாது! என்னைக் கேக்காதீங்க! காலை எடுங்க, ப்ளீஸ், காலை எடுங்க!”

ஹேரியட் காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு அவளருகே வந்தாள். “மன்னிச்சுடும்மா. வேற வழி தெரியல.”

மேரன் குந்தி உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். “நான்தான் போன் பண்ணேன்” என்றாள், குளத்தைப் பார்க்காமல். “வீட்டுல இருந்து பேசினா அப்பாவுக்குக் கேக்கும்னு அங்க போனேன். என் பேரைச் சொல்லிடணும்னுதான் போனேன். அந்தப் பக்கம் ‘ஹலோ, யாரு’ன்னு கேட்டதும் வாய் வரல. வேற யாரோ மாதிரிப் பேசிட்டு வச்சுட்டேன்.”

“ஏன் மேரன்?” டூகனின் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. “பத்துல ஆறு வாய்ப்பு இருந்ததே. அதை நீயே போய்…”

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

“செப்டம்பர்ல உங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னேனே, மிஸ்டர் டூகன். அவன் பயந்தான், நான்தான் ‘தாங்கும், போடா’ன்னு சொன்னேன்னு சொன்னேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

இப்போது ஞாபகம் வந்தது. முழுசாக வந்தது. வாய் நிறைய டோனட்டோடு, விரலில் ஒட்டிய சர்க்கரையைத் தட்டிக்கொண்டே சொல்லியிருந்தான்: ‘அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிடும்மா. காப்பாத்தினவங்களைத்தான் எடுப்பாங்க, தள்ளிவிட்டவங்களை இல்ல.’ சொல்லிவிட்டு அடுத்த டோனட்டை எடுத்தான். மறந்தும் போனான். கோச்சிடம் உளறியதற்காக இத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தவனுக்கு இது நினைவிலேயே இல்லை.

“கட்டுரையை ஸ்கூல்ல, வீட்டுக்காரங்களும் வந்திருந்த ஒரு கூட்டத்துல, எல்லார் முன்னாடியும் சத்தமாப் படிச்சாங்க” என்றாள் மேரன். “வெஸ்லி முன்வரிசையில உக்காந்திருந்தான். அவனுக்குத்தான் தெரியுமே. அவனும் கைதட்டினான். எல்லாரையும்விட ஜாஸ்தியாத் தட்டினான். அன்னியில இருந்து என்னால அவன் மூஞ்சியைப் பார்க்க முடியல.”

டூகனிடம் ஜோக் எதுவும் மிச்சமில்லை.

பின்னால் சருகு மிதிபடும் சத்தம். வாரன் ஹால்கிரன் கைநிறைய விறகோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

“வெஸ்லி அன்னிக்கு ஆஸ்பத்திரியிலயே என்கிட்ட சொல்லிட்டாம்மா” என்றார்.

மேரன் எழுந்தாள். “உங்களுக்குத் தெரியுமா? அப்போ ஏன்ப்பா ஒண்ணுமே கேக்கல?”

“வருஷா வருஷம் துளை போட்டு, ஐஸ் எவ்வளவு தடிப்புன்னு பார்த்துட்டு, எதுவரைக்கும் நடக்கலாம்னு கொடி நடவேண்டியது யாரு? நான்தானே. அந்த வருஷம் நடல. குளிருது, நாளைக்குப் பார்ப்போம்னு உள்ளே உக்காந்துட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்டா என்னையும் கேக்கணுமே. அதான் கேக்கல.”

“அதனாலதான் எங்கிட்ட வந்தப்போ ‘யாரு பொய் சொன்னா’ன்னு நீங்க கேக்கவே இல்ல” என்றாள் ஹேரியட் மெதுவாக. “‘யாருக்குத் தெரிஞ்சுபோச்சு’ன்னுதான் கேட்டீங்க.”

வாரன் தலையசைத்தார். விறகு ஒன்று நழுவி விழுந்தது. அதைப் பிடிக்கப் போய் எல்லாமே விழுந்தன. அப்பாவும் மகளும் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். பாதி சுமையை அவள் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுச் சமையலறையில் வைத்து டூகன் தன் போனை எடுத்தான். “நான் பேசட்டுமா?” என்று மேரனிடம் கேட்டான். அவள் யோசித்துவிட்டுச் சரியென்றாள்.

சேர்க்கை அலுவலகத்தில் எடுத்தது ஃபே. முன்பு அவனோடு ஒரே மேசையில் விண்ணப்பம் படித்தவள்.

“டூகனா? மறுபடியும் யாரோட சான்ஸைக் கேக்கப் போறே? நான் சொல்ல மாட்டேன்னு உனக்கே தெரியும்.”

“யாரோடதும் வேணாம் ஃபே. நான் பண்ணின தப்பு ஒண்ணைச் சொல்லணும். எழுதிக்கோ. என் பேரையும் முழுசா எழுதிக்கோ.”

மேரன் உண்மையைச் சொன்னதையும், தான் அதை வெட்டச் சொன்னதையும் சொன்னான். இனி இந்த மாநிலத்தில் ஒரு பெற்றோரும் தன்னிடம் பிள்ளையின் வாய்ப்பைக் கேட்டு வரமாட்டார்கள் என்று தெரிந்தேதான் சொன்னான். முடிப்பதற்குள் மேரன் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தான்.

“நான் மேரன் ஹால்கிரன்” என்றாள். “செவ்வாய்க்கிழமை பேசினது நான்தான். சொன்னது நிஜம்.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நன்றி சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“டிசம்பர்ல முடிவு கிடையாது” என்றாள் ஃபே. “வசந்தத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லிப் பேசறேன், மத்தவங்களோட சேர்த்துப் பார்ப்பாங்க. அந்த வரியையும் சேர்த்து அவளையே எழுதி அனுப்பச் சொல்லு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “டூகன், இது ஆபீஸ் பேச்சு இல்ல. அந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு நாங்க எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னோம். நல்லா எழுதியிருக்கா, ஆனா அந்தப் பையன் ஏன் அங்க போனான்னு ஒரு வார்த்தை இல்லையே, எதையோ விட்டிருக்காளேன்னு. நீ வெட்டினியே, அது மட்டும் இருந்திருந்தா இந்த டிசம்பர்லயே எடுத்திருப்போம்.”

டூகன் போனை வைத்தான்.

“உங்ககிட்ட என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள் மேரன்.

‘தள்ளி வச்சிருக்காங்க’ என்பதோடு முடித்துக்கொள்ளலாம். மிச்சத்தை விட்டுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, இந்தப் பெண்ணுக்கும் ஒரு வலி குறையும். அந்த யோசனை எவ்வளவு சுலபமாக வந்தது என்பதைப் பார்த்து அவனுக்கே பயமாக இருந்தது. ஜன்னலோரம் நின்ற ஹேரியட் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு வரவில்லை.

ஃபே சொன்னது அத்தனையையும் சொன்னான். ஒரு வரி விடாமல் சொன்னான்.

அடுப்பில் விறகு வைத்துக்கொண்டிருந்த வாரன் அப்படியே நின்றுவிட்டார்.

“அப்போ அந்தப் பத்துல ஆறு?” என்றாள் மேரன்.

“நானா அடிச்சு விட்டதும்மா. எனக்குத் தெரியாது. எப்பவுமே தெரியாது.”

அவள் மேசைமேலிருந்த தன் கம்ப்யூட்டரை இழுத்துத் திறந்தாள்.

“அந்த வரியை நான் எழுதிக்கிறேன்” என்றாள். “வெஸ்லி வந்ததும் அவன்கிட்ட படிச்சுக் காட்டுவேன். நீங்க படிக்க வேணாம், மிஸ்டர் டூகன்.”

“சரிம்மா” என்றான் டூகன்.